கறுத்த தோலுக்கும் புற்றுநோய் வரும்: எங்கே, ஏன், எப்படிக் கண்டுபிடிப்பது

பெரியம்மாவுக்கு மூட்டுவலி. குனிந்து கால் நகம் வெட்ட முடியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வேலை என்னுடையது. அப்படி ஒரு நாள் பின்கட்டில் உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டும்போதுதான் குதிகாலில் அதைப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. ஒரு பக்கம் அடுப்புக்கரி நிறம், இன்னொரு பக்கம் காப்பித்தூள் நிறம், ஓரமெல்லாம் காகிதத்தில் மை ஊறின மாதிரி கலைந்து கிடந்தது. "முள்ளு குத்தின கறைடா, ரெண்டு வருஷமா இருக்கு, வலிக்கவே இல்ல" என்றார். கால் ஆணி என்று நினைத்து நடுவில் பிளேடால் சீவியும் பார்த்திருக்கிறார்.

அது தோல் புற்றுநோய் என்று பரிசோதனையில் தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை, "அது வெள்ளைக்காரங்களுக்குத்தானே வரும், நமக்கு எப்படி?" என்பதுதான். படித்தவர்கள், நர்ஸ் வேலை பார்த்தவர் உட்பட, அதையே சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் பெரியம்மாவை இரண்டு வருடம் சும்மா இருக்க வைத்தது. அதனால் இதை அடியிலிருந்து, மருத்துவம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வாழை மரமும் தோலும்

வாழை மரத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெளியே காய்ந்த சருகு, உள்ளே போகப் போக ஈரமான பட்டை. புதுசு உள்ளேயிருந்து கிளம்பி வந்து பழசை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நம் தோலின் மேல் பகுதியும் இப்படித்தான் நடக்கிறது. உடம்பு முழுக்கவே செல் என்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர் அறைகளால் ஆனது. தோலின் அடி வரிசையில் இருக்கும் செல்கள் ஓயாமல் இரண்டு இரண்டாகப் பிரிந்து, புதியவை மேலே ஏறி, ஏற ஏறத் தட்டையாகி, கடைசியில் செத்து உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அழுக்கு என்று நாம் உருட்டி எடுப்பதில் இந்தச் செத்த செல்களும் உண்டு.

அந்த அடி வரிசையில் பிரியும் செல்களுக்கு நடுவே வேறு ஒரு வகை செல்லும் அங்கங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் வேலை மெலனின் என்கிற கறுப்பு நிறப்பொருளைத் தயாரித்து அக்கம்பக்கத்து செல்களுக்குக் கொடுப்பது. இதை நிறச் செல் என்று வைத்துக்கொள்வோம். மெலனினை வாங்கிக்கொண்ட செல் அதை என்ன செய்கிறது தெரியுமா? தன் மையத்தில் இருக்கிற கருவுக்கு மேலே, வெயில் வருகிற பக்கமாகப் பார்த்துக் குவித்து வைத்துக்கொள்கிறது. வயலில் இறங்குகிறவர் தலையில் முண்டாசு கட்டிக்கொள்கிற மாதிரி ஒவ்வொரு செல்லும் தன் கருவுக்கு ஒரு முண்டாசு கட்டிக்கொள்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்று, வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நிறச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கிற மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். நம் முண்டாசு கெட்டித் துணி, அவர்களுடையது சல்லாத் துணி. அந்தக் கெட்டித் துணியைக் கழற்றுவதற்காகக் காசு கொடுத்து, ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை வாங்கிப் பூசி, தோலையே மெலிய வைத்துக்கொள்கிற நம் பிள்ளைகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஏடு எழுதுகிறவரின் பிழை

சரி, கருவுக்கு எதற்கு இவ்வளவு பாதுகாப்பு? ஏனென்றால் செல் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் டி.என்.ஏ. என்கிற நீண்ட இழையில் எழுத்துகள் மாதிரி வரிசையாக எழுதி வைக்கப்பட்டிருப்பது அங்கேதான். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அந்தச் சுவடி முழுவதையும் ஒரு நகல் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் செல்லரித்த ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்களே, அதே வேலை.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் உண்டு, உடம்பில் படுகிற சூடு உண்டு, இந்த இரண்டிலும் சேராத புற ஊதாக் கதிர் என்று ஒன்றும் உண்டு. அது கண்ணுக்கும் தெரியாது, சுடவும் சுடாது. மேகமூட்டமான நாளிலும் ஓரளவு இறங்கி வரும். இந்தக் கதிர் டி.என்.ஏ.யில் பட்டால் பக்கத்துப் பக்கத்து இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகல் எடுக்கிறவர் அந்த இடத்தில் தடுமாறித் தப்பாக எழுதிவிடுவார்.

உடம்பு இதற்கும் ஆள் வைத்திருக்கிறது. பிழை பார்க்கிற புரதங்கள் ஒட்டிக்கொண்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டுச் சரியாக எழுதி ஒட்டுகின்றன. திருத்தவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கடும் வெயிலில் அலைந்தபின் சிலருக்குத் தோல் உரிவது, அப்படிக் கூட்டமாக உயிரை விட்ட செல்கள் உதிர்வதால்தான். பிறவியிலேயே இந்தப் பிழை திருத்தும் ஆள் இல்லாத குழந்தைகளும் உண்டு. அபூர்வமான வியாதி. அவர்களுக்குப் பகல் வெளிச்சமே எதிரி, சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். பிழை திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தக் குழந்தைகளே சாட்சி. இந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2015இல் லிண்டால், மோட்ரிச், சன்ஜார் என்ற மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

திருத்தலையும் தப்பி, அழிவையும் தப்பி, பிழைகளோடு ஒரு செல் வாழ்ந்துவிட்டால்? ஒரு பிழையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் பிழை மேல் பிழை சேர்ந்து, "நிறுத்து" என்கிற வரியே அழிந்துபோன ஒரு செல், பிரிந்துகொண்டே போகும். அதன் பிள்ளைகளும் அப்படியே. அந்தக் கட்டுப்பாடில்லாத கூட்டம் தன் இடத்தைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைய ஆரம்பித்தால் அதற்குப் பெயர் புற்றுநோய். இது கிருமி இல்லை, தொட்டால் ஒட்டாது. பெரியம்மாவின் தட்டைத் தனியாக எடுத்து வைத்தவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள், அதனால் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், தோல் செல்கள் ஓயாமல் நகல் எடுக்கின்றன, நகலில் பிழை சேரச் சேரப் புற்று வருகிறது, வெயில் பிழையைக் கூட்டுகிறது, மெலனின் அதைக் குறைக்கிறது.

மூன்று வகை

எந்தச் செல் கெட்டுப்போகிறதோ அதன் பெயரில் வகை பிரிக்கிறார்கள். அடி வரிசைச் செல்லில் வருவது அடித்தளப் புற்று. மெதுவாக வளரும், பெரும்பாலும் மூக்கு, கண் ஓரம், கன்னம் என்று முகத்தில்தான் வரும், தூரத்து உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. நம் நிறத்தவருக்கு இது கறுத்துப் பளபளவென்று வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். விட்டால் மூக்கையே அரித்துவிடும். மேலேறித் தட்டையான செல்லில் வருவது செதிள் புற்று. ஆறாத புண்ணாகவோ, சொரசொரப்பான தடிப்பாகவோ தெரியும், விட்டு வைத்தால் பரவவும் செய்யும்.

நிறச் செல்லிலேயே வருவதுதான் மெலனோமா. மூன்றில் இதுதான் அரிது, இதுதான் ஆபத்தும். நாம் அம்மா வயிற்றில் வளரும்போது இந்த நிறச் செல்கள் முதுகுப் பக்கத்தில் உண்டாகி, அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து உடம்பு முழுக்கப் பரவிப் போய் உட்கார்ந்தவை. ஊர் சுற்றுவது அவற்றுக்குப் பழக்கப்பட்ட வேலை. கெட்டுப்போனாலும் சீக்கிரமே கிளம்பிவிடுகின்றன.

அந்தப் பாதி உண்மை

வெள்ளைத் தோல் உள்ளவர்கள் வெயில் நாட்டில் குடியேறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா போதும். அங்கே மூன்று பேரில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. 1981இலேயே சட்டையைப் போடு, கிரீமைப் பூசு, தொப்பியை வை என்று அங்கே பிரச்சாரம் தொடங்கிவிட்டது. அந்த அளவு நமக்கு வராததற்குக் காரணம் நம் கெட்டித் துணி முண்டாசுதான். நம்மிடையே பிறவியிலேயே மெலனின் இல்லாதவர்கள், வெள்ளை முடியும் வெளிர் தோலுமாக இருப்பவர்கள், அவர்களுக்கு அந்த முண்டாசு இல்லை. அவர்களை வெயிலில் வேலைக்கு அனுப்புவது பாவம். முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாமே அவர்களுக்கு மருந்து மாதிரி அவசியம்.

மீதிப் பாதி இதுதான். எல்லாத் தோல் புற்றும் வெயிலால் வருவதில்லை. வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இந்த இடங்களில் ஒரு வகை மெலனோமா வருகிறது. அது எல்லா நிறத்தவருக்கும் வரும். நமக்கு வெயிலால் வருவது குறைவு என்பதால், நம் நிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இதுதான் வந்தது. கால்பந்து ஆடுகையில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார். விரலை எடுத்துவிடச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, நகத்தையும் அதன் படுகையையும் மட்டும் அகற்றிக்கொண்டார். 1981 மே 11 அன்று, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, 36 வயதில் இறந்துபோனார்.

அடுத்தது தழும்பும் புண்ணும். எங்கெல்லாம் தோல் வருடக்கணக்கில் காயப்பட்டு, ஆறி, மறுபடி காயப்படுகிறதோ அங்கே செல்கள் அளவுக்கு மீறிப் பிரிய வேண்டியிருக்கிறது, நகலும் அதிகம், பிழையும் அதிகம். சின்ன வயதில் தீக்காயம் பட்ட இடத்தில் இருபது முப்பது வருடம் கழித்துப் புண் வந்து ஆறாமல் நின்றால் அது செதிள் புற்றாக இருக்கலாம். 1828இல் தழும்பில் வரும் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் பெயரில் இதை மார்ஜோலின் புண் என்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்குக் கரி நெருப்புக் கூடையை ஆடைக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் வருகிறது. நம் பக்கத்தில் உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பில் கறுத்துத் தடித்து உரிகிற கோடு எத்தனை அம்மாக்களுக்கு இருக்கிறது! அந்தக் கோட்டில் அபூர்வமாகச் செதிள் புற்று வரும். வேட்டி இறுக்கத்தால் இடுப்பில் வருவதைப் பற்றி மும்பை மருத்துவர் கானோல்கர் 1945இலேயே எழுதியிருக்கிறார். கோடு இருந்தாலே பயப்பட வேண்டாம், அதில் புண் வந்து ஆறாமல் இருந்தால்தான் காட்ட வேண்டும். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்வது ரொம்ப சுலபமான தடுப்பு.

வங்காளப் பக்கம் நிலத்தடி நீரில் இருக்கும் ஆர்சனிக்கால் உள்ளங்கையில் காய்ப்புகள் வந்து பிறகு புற்றாவதும், சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் செதிள் புற்று வாய்ப்பு கூடுவதும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

ஆக, வெயிலால் வரும் புற்று நமக்குக் குறைவு. வெயிலுக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும், பழைய தழும்பிலும் ஆறாத புண்ணிலும் வருவதற்கு நிறம் எந்தப் பாதுகாப்பும் தராது. நாம் அங்கே பார்ப்பதே இல்லை என்பதால் முற்றிய பிறகுதான் தெரிகிறது.

எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்

மச்சம் எல்லோருக்கும் இருக்கும். நல்ல மச்சம் ஒரே நிறமாக, ஓரம் சீராக, வருடங்கள் போனாலும் அப்படியே இருக்கும். நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பாதியும் பொருந்தாதது, ஓரம் கலைந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் உள்ளது, பென்சில் முனையில் இருக்கிற ரப்பரைவிடப் பெரியது, எல்லாவற்றுக்கும் மேலாக மாறிக்கொண்டே வருவது, இப்படி ஒரு மச்சம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நடுத்தர வயதுக்கு மேல் உள்ளங்காலில் புதிதாக ஒரு கறுப்பு வந்தால் அளவு பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது, ஆரம்பத்தில் இது வலிக்காது. மங்கு, தேமல், பாலுண்ணி இவையெல்லாம் புற்றுநோய் இல்லை, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நகத்தில் கறுப்புக் கோடு நம் நிறத்தவருக்குச் சகஜம். பல விரல்களில் மெல்லிசாகப் பல வருடமாக இருந்தால் பெரும்பாலும் இயல்புதான். ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகக்கண்ணைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு ஏறினால் அது வேறு. அடிபட்டு ரத்தம் கட்டியதா, புற்றா என்று சந்தேகம் வந்தால் மருதாணியை நினைத்துக்கொள்ளுங்கள். நகத்தில் இட்ட மருதாணி நகம் வளர வளர நுனிப் பக்கம் நகர்ந்து, அடியில் வெள்ளைப் பிறை தெரியுமே, ரத்தக் கட்டும் அப்படியே நகர்ந்து போய்விடும். புற்று அடியிலேயே ஊன்றி நிற்கும். கால் நகம் ரொம்ப மெதுவாக வளர்வதால் ஒன்றிரண்டு மாதத்திலேயே நகர்கிறதா என்று பார்த்துவிட்டு, நகரவில்லை என்றால் போய்விட வேண்டும்.

புண்ணுக்கு ஒரே கணக்கு, ஒரு மாதம். எந்தப் புண்ணும் ஒரு மாதத்தில் ஆறும் வழியைக் காட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் "அது சர்க்கரைப் புண்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிறோம். சர்க்கரை கட்டுக்குள் வந்தும் ஆறாத கால் புண்ணிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

"கத்தி பட்டால் பரவிடும்"

பெரியம்மா விஷயத்தில் எங்களை மூன்று வாரம் தாமதப்படுத்தியது இந்த ஒரு வாக்கியம். தெருவில் ஆளுக்கு ஒரு உதாரணம் சொன்னார்கள். உதாரணங்கள் பொய்யில்லை, காரணம்தான் தப்பு. முற்றிப்போன பிறகு கத்தி வைக்கிறோம், அதற்கு முன்பே பரவியிருந்தது பிறகு தெரிய வருகிறது, பழி கத்தி மேல் விழுகிறது.

சந்தேகப்பட்ட இடத்தை முழுவதுமாகவோ ஒரு துண்டாகவோ மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பதற்குப் பெயர் பயாப்சி. இதனால் புற்று பரவாது. இது இல்லாமல் எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டியது வேறு பழக்கத்துக்கு. மச்சத்தில் சுண்ணாம்பு வைப்பது, எருக்கம்பால் விடுவது, குதிரைவால் முடியால் கட்டுவது, அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பது. மேலே இருப்பது போய்விடும், அடியில் இருப்பது வளரும், பரிசோதிக்க எதுவும் கையில் மிஞ்சாது.

சிகிச்சை

முதல் சிகிச்சை அறுவைதான். புற்றோடு சேர்த்துச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் எடுப்பார்கள். அடித்தளப் புற்றும் செதிள் புற்றும் சீக்கிரம் பிடிபட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதோடு கதை முடிந்தது. மூக்கு, கண் இமை போல ஒரு துளித் தோலைக்கூட வீணாக்க முடியாத இடங்களில், மெல்லிய படலம் படலமாகச் சீவி, ஒவ்வொன்றையும் அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்து, புற்று தெரியாத படலம் வரும்போது நிறுத்துகிற முறையும் உண்டு. 1930களில் அமெரிக்காவின் ஃபிரெடரிக் மோஸ் தொடங்கியது, அவர் பெயரிலேயே வழங்குகிறது.

மெலனோமாவுக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம். எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று அளந்து சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அறுவையோடு குணமாகிவிடுகிறவர்களே மிக அதிகம். ஆழம் கூடினால் பக்கத்தில் நெறி கட்டுகிற இடத்தையும் பார்க்க வேண்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது இல்லையா, அந்த நெறிக்கட்டிகள்தான் புற்று செல் ஊரை விட்டுக் கிளம்பினால் முதலில் சேருகிற இடம். சாயம் விட்டு எந்தக் கட்டிக்கு முதலில் போகிறது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள்.

தூரத்துக்குப் பரவிவிட்ட மெலனோமாவுக்கு 2010 வரை சொல்லிக்கொள்கிற மருந்து இல்லை. இப்போது இருக்கிறது. நம் எதிர்ப்புச் சக்தி செல்களுக்கு இயல்பாகவே ஒரு பிரேக் உண்டு, புற்று செல் அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. பிரேக்கை விடுவிக்கிற மருந்துகள் 2011 முதல் வந்தன. அதற்கு அடிப்படை போட்ட விஞ்ஞானிகள் ஆலிசனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், 90 வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது. அறுவை, கதிர்வீச்சு, இந்த மருந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு 100 வயது வரை இருந்தார். ஆனால் உள்ளங்கால் மெலனோமா இந்த மருந்துகளுக்கு மற்ற வகை அளவுக்கு மசிவதில்லை, விலையும் மிக அதிகம். அதனால்தான் காலைப் பாருங்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

சன்ஸ்கிரீன் வாங்கலாமா?

மாநிறமோ கறுப்போ உள்ள நமக்குப் புற்றுநோய்ப் பயத்தால் விலை உயர்ந்த சன்ஸ்கிரீன் வாங்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மங்கு இருப்பவர்களுக்கு அது உதவும், ஏற்கனவே தோல் புற்று வந்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கட்டாயம் வேண்டும். மற்றவர்களுக்குக் குடை, தொப்பி, முழுக்கை போதும். சென்னையில் கோடை மதியத்தில் புற ஊதாக் கதிர் அளவீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம், 11 என்பதே உச்ச எச்சரிக்கை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் கதிர் கடுமையான நேரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அளவீடே பார்க்க வேண்டாம்.

காசு கேட்காத வேலை ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு நாள் குளித்த பிறகு உள்ளங்கால், விரல் இடுக்கு, நகங்கள், இடுப்புக் கோடு, பழைய தழும்புகள் இவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. சந்தேகமான புள்ளி இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும். வயதானவர்களால் தங்கள் காலைத் திருப்பிப் பார்க்க முடியாது, வேறு யாராவதுதான் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காட்டுவதற்குச் செலவில்லை.

பெரியம்மாவின் மெலனோமாவுக்கு ஆழம் 1.8 மில்லிமீட்டர். குதிகாலில் எடுத்த இடத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், நெறிக்கட்டியில் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுகிறோம். நடுவில் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் நகம் வெட்டிவிட்டு, இரண்டு காலையும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் கையாலேயே தொடை இடுக்கைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.